நிச்சயமின்மை யாருடைய தலையில்?
ஹொஃப்ஸ்டீடின் அளவுகோலும் நமது வேலைத்தலங்களும்

முகாமைத்துவம் பற்றிய செயலமர்வுகளில் தவறாமல் வருகின்ற பெயர் கீர்ட் ஹொஃப்ஸ்டீட். நெதர்லாந்துக்காரர். 1928இல் பிறந்து 2020இல் காலமானவர். நாடுகளின் பண்பாட்டை எண்களால் அளந்து, அந்த எண்களைக் கொண்டு வேலைத்தலத்தில் மனிதர்கள் நடந்துகொள்ளும் விதத்தை விளக்கலாம் என்று சொன்னவர். அவரது பட்டியல் அதிபர்களுக்கும் ஆசிரியர்களுக்குமான பயிற்சிகளிலும் இப்போது திரையில் விழுகிறது. வேதவாக்குப் போலக் காட்டப்படுகிறது. அதைப் பற்றித் தமிழில் யாரும் கேள்வி கேட்டு நான் அதிகம் வாசித்ததில்லை.

இத்தகைய செயலமர்வுகளில், அந்தப் பட்டியலைக் காட்டிய கையோடு, நமது சமூகத்தைப் பற்றி வளவாளர்கள் சொல்லக் கேட்ட தீர்ப்புகள் இரண்டு. ஒன்று, "எங்கட ஆக்கள் எல்லாத்தையும் இன்ஷா அல்லாஹ்வில விட்டுட்டு இருப்பாங்க, பிளான் பண்ண மாட்டாங்க." மற்றது, "எங்கட ஆக்களுக்குப் பயம் கூட. ஒரு அரசாங்க உத்தியோகம் கிடைச்சாப் போதும், புதுசா ஒண்டிலயும் கை வைக்க மாட்டாங்க."

இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நாளை என்ன நடக்கும் என்ற கவலையே இல்லாதவர்கள் என்கிறது முதலாவது. அந்தக் கவலையிலேயே உறைந்துபோனவர்கள் என்கிறது இரண்டாவது. ஒரே அளவுகோலின் இரண்டு முனைகள் இவை. ஒரே சமூகத்தை ஒரே நேரத்தில் இரண்டு முனையிலும் நிறுத்த முடிகிறது என்றால், முதலில் அளவுகோலைத்தான் பரிசோதிக்க வேண்டும்.

அளவுகோல் வந்த வழி

1967 தொடக்கம் 1973 வரை ஐ.பி.எம். நிறுவனம் பல நாடுகளிலுள்ள தனது ஊழியர்களிடம் கருத்துக் கணிப்பு நடத்தியது. திரண்ட வினாக்கொத்துகள் 116,000க்கு மேல். அவற்றை வைத்து ஹொஃப்ஸ்டீட் 1980இல் வெளியிட்ட நூல்தான் 'கல்ச்சர்ஸ் கொன்ஸிகுவென்ஸஸ்', அதாவது பண்பாட்டின் விளைவுகள். அதில் 40 நாடுகள் இருந்தன. நிறுவனத்தின் உண்மைப் பெயரை மறைத்து 'ஹெர்மெஸ்' என்று எழுதியிருந்தார். நாடுகளை நான்கு பரிமாணங்களில் அளந்தார். அவற்றில் ஒன்றுதான் நிச்சயமின்மைத் தவிர்ப்பு. இந்தச் சொற்றொடரை 1963இல் சயர்ட், மார்ச் இருவரும் நிறுவனங்களின் நடத்தை பற்றி எழுதிய நூலிலிருந்து எடுத்துக்கொண்டார்.

ஹொஃப்ஸ்டீடுக்கு நியாயம் செய்ய வேண்டுமானால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் இடரையும் நிச்சயமின்மையையும் போட்டுக் குழப்பவில்லை. பொருளியலாளர் ஃபிராங் நைட் 1921இலேயே பிரித்துக் காட்டிய வேறுபாடு அது. பத்தில் மூன்று தடவை நட்டம் வரும் என்று தெரிந்து ஒரு வியாபாரத்தில் இறங்கினால் அது இடர். கணக்குப் போடவே வழியில்லாத நிலைதான் நிச்சயமின்மை. நிச்சயமின்மையைச் சகிக்காதவர்கள் கோழைகள் அல்லர், அவர்கள் இடரை ஏற்கவும் கூடும் என்று ஹொஃப்ஸ்டீடே எழுதியிருக்கிறார். மோட்டார் சைக்கிளில் பறக்கிற மனிதர், காரியாலயத்தில் தெளிவில்லாத ஒரு கட்டளை வந்ததும் தடுமாறுவார். நமது செயலமர்வுகளில் இந்த நுட்பம் காணாமல் போய், 'தவிர்ப்பு' என்றால் 'பயம்' என்றாகிவிடுகிறது.

ஆனால் அவர் அளந்த முறையில்தான் சிக்கல் இருக்கிறது. இந்தப் பரிமாணம் முழுவதும் மூன்று கேள்விகளின் மேல் நிற்கிறது. வேலையில் எவ்வளவு அடிக்கடி பதற்றப்படுகிறீர்கள்? நிறுவனத்தின் நன்மைக்காகவே என்றாலும் அதன் விதிகளை மீறக் கூடாது என்று நினைக்கிறீர்களா? இன்னும் எவ்வளவு காலம் இந்த நிறுவனத்தில் இருக்க எண்ணுகிறீர்கள்?

மூன்றாவது கேள்வியை எடுப்போம். வெளியே நல்ல வேலைகள் நிறைய உள்ள ஊரில் ஒருவர் "இரண்டு வருடம்" என்பார். இந்த வேலையை விட்டால் வேறு வேலை இல்லை என்ற ஊரில் "பென்சன் மட்டும்" என்பார். இது பண்பாடா, தொழிற் சந்தையா? இரண்டாவது கேள்வியும் அப்படித்தான். விதியை மீறினால் தண்டனை எவ்வளவு கடுமையானது என்பதைப் பொறுத்தும் பதில் மாறும். ஒரு மனிதன் வாழ்கிற நிலைமையைக் கேட்டுவிட்டு, அவனுடைய மனதை அளந்ததாக எழுதிக்கொண்டால் எப்படி?

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

பட்டியலில் உச்சத்தில் இருப்பது கிரேக்கம், 112 புள்ளி. அடியில் இருப்பது சிங்கப்பூர், 8. நமக்கு வேண்டியது இடையில் இருக்கிறது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகளில் மலேசியா 36, இந்தோனேசியா 48, ஈரான் 59, பாகிஸ்தான் 70, துருக்கி 85. பின்னைய பதிப்புகளில் எகிப்து, ஈராக், குவைத், லெபனான், லிபியா, சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய ஏழையும் ஒரே பொதிக்குள் கட்டி 'அரபு நாடுகள்' என்று 68 புள்ளி போட்டார்கள். லெபனானின் கிறிஸ்தவரும் சவூதியின் முஸ்லிமும் ஒரே எண்ணுக்குள்.

36இலிருந்து 85 வரை பரந்து கிடக்கும் இந்த எண்களை வைத்து 'முஸ்லிம் மனப்பாங்கு' என்று ஒன்றைக் கட்ட முடியாது. நம்பிக்கை ஒன்றுதான் காரணம் என்றால் கோலாலம்பூரும் அங்காராவும் பக்கத்தில் பக்கத்தில் வந்திருக்க வேண்டும். நம்மைக் குறை சொல்லக் காட்டப்படும் பட்டியலே அந்தக் குறையை மறுக்கிறது. காட்டுகிறவர்கள் அதை முழுவதும் வாசிப்பதில்லை.

பிறகு, எத்தனை பேரைக் கேட்டார்கள்? பிரண்டன் மெக்ஸ்வீனி என்ற ஆய்வாளர் 2002இல் எழுதிய விமர்சனத்தில் இதைத் தோண்டியெடுத்தார். பாகிஸ்தானில் முதற் கணிப்பில் 37 பேர், இரண்டாவதில் 70 பேர். அவ்வளவுதான். அதுவும் ஓர் அமெரிக்கக் கம்பனியின் கிளையில் வேலை பார்த்த, படித்த, நகரத்து மனிதர்கள். அவர்களுடைய பதிலே கோடிக்கணக்கானவர்களின் பண்பாடாகிவிட்டது. 1980ஆம் ஆண்டின் அந்த 40 நாடுகளில் இலங்கை இல்லவே இல்லை. யாரையோ அளந்த கோலைக் கொண்டுவந்து நம்முடைய முதுகில் வைத்துப் பார்க்கிறோம்.

இன்னுமொன்று இருக்கிறது. 'குளோப்' என்ற பெயரில் வேறொரு பெரிய ஆய்வு 2004இல் நூலாக வந்தது. 62 சமூகங்கள், 17,000க்கு மேற்பட்ட முகாமையாளர்கள். அவர்கள் கேள்வியை இரண்டாகப் பிரித்தார்கள். உங்கள் சமூகத்தில் ஒழுங்கும் தெளிவும் எவ்வளவு இருக்கிறது? எவ்வளவு இருக்க வேண்டும்? ஹொஃப்ஸ்டீடின் பட்டியலில் கடைசியாக நின்ற சிங்கப்பூர், குளோப் ஆய்வின் முதற் கேள்வியில் உச்சத்திலுள்ள சில நாடுகளில் ஒன்று. சுவிங்கம் இறக்குமதியையே 1992இல் தடைசெய்த நாடு அது. அங்கே விதிகளுக்கு என்ன குறை? அதோடு, இரண்டு கேள்விகளுக்குமான பதில்கள் பொதுவாக எதிரெதிராகப் போயின. ஒழுங்கு குறைவாக இருக்கும் இடத்தில்தான் "ஒழுங்கு வேணும்" என்ற ஏக்கம் கூடுதலாக இருந்தது.

தண்ணீர் இல்லாத ஊரில்தான் தண்ணீரைப் பற்றிய பேச்சு அதிகம். இதைப் புரிந்துகொண்டால் நமது சமூகத்தின் அரசாங்க உத்தியோக மோகத்தையும் வேறு கண்ணால் பார்க்கலாம்.

அரசாங்க உத்தியோகம் என்ற கூரை

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரில் இருந்தவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். 2014 ஜூனில் அளுத்கமையிலும் பேருவளையிலும், 2018 மார்ச்சில் திகனவிலும், 2019 மே மாதத்தில் மினுவாங்கொடையிலும் குருநாகல் பகுதியிலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் தாக்கப்பட்டன. 2022இல் நாடே வங்குரோத்தானது. இறக்குமதி செய்து விற்றவர்கள் டொலருக்கு அலைந்தார்கள்.

இவற்றைக் கண்ட ஒரு வாப்பா, "மகள், டீச்சிங் அப்பொயின்மன்ட் ஒண்டு எடுத்துக்கொள். மாசம் முடிஞ்சா சம்பளம், கடைசியில பென்சன். அத யாரும் எரிக்க ஏலாது" என்று சொன்னால், அது பண்பாட்டில் ஊறிய பயமா? அது கணக்கு. தன் கண்ணால் கண்டதை வைத்துப் போட்ட கணக்கு. எரியாத ஒரு சொத்து தேவை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இதே சமூகத்தின் மறுபக்கத்தையும் பாருங்கள். வடக்கிலிருந்து வெறுங்கையோடு வந்து புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் தங்கியவர்களில் எத்தனையோ பேர் சைக்கிளில் சாமான் கட்டிப் புது வியாபாரம் தொடங்கினார்கள். யாரிடம் வாங்குவது, யாருக்கு விற்பது, கடன் திரும்புமா, எதுவும் தெரியாத ஊர். ஹொஃப்ஸ்டீடின் மொழியில் இவர்கள் நிச்சயமின்மையை மிகவும் சகிப்பவர்கள். தங்கள் பிள்ளைகளுக்கு அரசாங்க உத்தியோகம் தேடியவர்களும் இவர்களிலேயே இருக்கிறார்கள். ஒரே குடும்பத்தில், ஒரே மனிதரிடத்தில், இரண்டு நடத்தையும் இருக்கிறது. கையில் என்ன இருக்கிறது, போனால் தாங்குமா என்பதைப் பொறுத்து நடத்தை மாறுகிறது. நாட்டுக்கு ஒரு எண் என்று எழுதுகிற பட்டியலில் இதற்கு இடமில்லை.

பாடசாலையிலும் இதைத்தான் காண்கிறேன். நமது ஆசிரியர்கள் எதற்கெடுத்தாலும் சுற்றுநிருபம் கேட்கிறார்கள், வாய்ச்சொல்லை நம்பி ஒன்றும் செய்வதில்லை என்பது அதிகாரிகளின் முறைப்பாடு. "எழுத்தில தாங்க சேர்" என்கிற ஆசிரியரை விதிகளுக்கு அடிமையானவர் என்று சிரிக்கிறார்கள். ஆனால் அவருக்கு ஒன்று தெரியும். நாளைக்கு ஒரு விசாரணை வந்தால் வாயால் கட்டளை இட்டவர் "நான் அப்பிடிச் சொல்லவே இல்லையே" என்பார். சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் பதியப்படுவது கீழே உள்ளவரின் பெயர். விதியைக் கேட்பது அவருக்குக் கேடயம். மேலே உள்ளவர் தன் சொல்லுக்குத் தானே பொறுப்பேற்கிற பாடசாலைகளில் ஆசிரியர்கள் இவ்வளவு கடதாசி கேட்பதில்லை என்பதையும் பார்த்திருக்கிறேன்.

வினைமுற்று இல்லாத இன்ஷா அல்லாஹ்

இனி மற்றத் தீர்ப்பு. இன்ஷா அல்லாஹ் என்பது திட்டமிடாமையின் அடையாளமாம். இதற்குப் பதில் சொல்லும்போது நம்மை நாமும் கொஞ்சம் கண்ணாடியில் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஸூரத்துல் கஹ்பின் 23, 24ஆம் வசனங்களில் இருக்கிறது இந்தக் கட்டளை. நாளை இதைச் செய்வேன் என்று ஒன்றைப் பற்றிச் சொல்லும்போது அல்லாஹ்வின் நாட்டத்தைச் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது அதன் கருத்து. கவனியுங்கள், அங்கே நாளை என்று ஒரு நாள் இருக்கிறது. இதைச் செய்வேன் என்று ஒரு வேலை இருக்கிறது. திட்டம் போட்டவன்தான் இந்த வார்த்தையைச் சொல்ல முடியும்.

தமிழ் இலக்கணத்தில் இதைச் சொல்வது இலகு. 'அல்லாஹ் நாடினால்' என்பதில் 'நாடினால்' நிபந்தனை வினையெச்சம். எச்சம் தனியே நிற்காது. அதை முடிக்க ஒரு வினைமுற்று வேண்டும். 'நாடினால், திங்கட்கிழமை சம்பளத்தைத் தருவேன்' என்பது முழு வாக்கியம். நமது வேலைத்தலங்களில் நடப்பது என்ன? எச்சம் இருக்கிறது, முற்று விழுந்துவிட்டது. பெரும்பாலும் 'இன்ஷா அல்லாஹ்' என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. கொஞ்சம் தயவுள்ளவர்கள் "இன்ஷா அல்லாஹ், பாப்பம்" என்பார்கள். இந்த 'பாப்பம்' இலக்கணப்படி வினைமுற்றுத்தான். ஆனால் அதில் வேலையும் இல்லை, நாளும் இல்லை. அது பன்மை வேறு. பார்க்கப்போவது யார்? முதலாளியா, கேட்டவனா, இருவருமா? ஆளைத் தேடிப் பிடிக்க முடியாத பன்மை அது.

நிச்சயமின்மைக்கு முன்னால் ஒரு முஸ்லிம் எப்படி முடிவெடுப்பான் என்பதற்கு உமர் (ரழி) அவர்களின் ஷாம் பயணம் நல்ல உதாரணம். புஹாரியில் பதிவான சம்பவம். ஸர்க் என்ற இடத்தில், ஷாமில் கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி வந்தது. உமர் (ரழி) முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார். கருத்து இரண்டாகப் பிரிந்தது. அன்ஸாரிகளைக் கேட்டார். அங்கும் பிரிந்தது. குறைஷிகளின் மூத்தவர்களைக் கேட்டார். திரும்பிப் போவது என்று அவர்கள் ஒருமித்துச் சொன்னார்கள். மறுநாள் காலையில் புறப்படுவதாக எல்லாருக்கும் அறிவித்தார். கத்ரை விட்டு ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரழி) கேட்டபோது, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே போகிறோம் என்ற கருத்தில் பதில் சொன்னார். தகவல், ஆலோசனை, முடிவு, அறிவிப்பு, பொறுப்பேற்றல் எல்லாம் அதில் இருக்கிறது. தவக்குல் இவற்றுக்குப் பதிலாக வரவில்லை, இவற்றோடு சேர்ந்து வந்தது.

பிக்ஹ் கேட்கிற கேள்வி

இங்கேதான் நான் ஹொஃப்ஸ்டீடை விட்டு விலக வேண்டியிருக்கிறது. அவரது கேள்வி, ஒரு மனிதன் எவ்வளவு நிச்சயமின்மையைத் தாங்குவான் என்பது. நமது பிக்ஹ் வேறொன்றைக் கேட்கிறது. அந்த நிச்சயமின்மையை யார் சுமப்பது, யார் தலையில் யார் ஏற்றியது?

'கரர்' பற்றிய சட்டங்களை எடுங்கள். தண்ணீரிலுள்ள மீனையும் வானத்துப் பறவையையும் பிடிக்காமல் விற்க முடியாது என்கிறார்கள். என்ன கிடைக்கும் என்று தெரியாத பொருளுக்கு ஒருவன் காசு கொடுத்து ஏமாறக் கூடாது என்பதற்காக. அதே பிக்ஹ் முழாரபாவை அனுமதிக்கிறது. அங்கே இலாபம் வருமா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் பங்கு விகிதம் முன்கூட்டியே பேசப்பட்டிருக்கும். நட்டம் வந்தால், கவனயீனம் இல்லாதவிடத்து, பணம் போட்டவர் பணத்தை இழப்பார், உழைத்தவர் உழைப்பை இழப்பார். இரண்டிலும் நிச்சயமின்மை உண்டு. ஒன்றில் அது ஒருவர் மேல் மட்டும் தள்ளப்படுகிறது. மற்றதில் பகிரப்படுகிறது. முதலாவது தடை, இரண்டாவது கூடும்.

கூலிக்கு வேலை செய்விப்பது 'இஜாரா'. அதில் வேலையும் கூலியும் இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும் என்பது அடிப்படை. குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகறா 282 கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. எழுத்தைக் கேட்பவனை ஈமான் குறைந்தவன் என்று நினைக்கிறவர்கள் அந்த வசனத்தை இன்னொரு தடவை ஓதிப் பார்க்கலாம்.

இந்தக் கண்ணோடு நமது கடைகளுக்கும் தனியார் பாலர் பாடசாலைகளுக்கும் மத்ரஸாக்களுக்கும் போய்ப் பாருங்கள். ஆறு வருடம் வேலை செய்த பொடியன் கேட்கிறான், "முதலாளி, எனக்கு ஒரு அப்பொயின்மன்ட் லெட்டர் தந்தா நல்லம். பேங்க்ல கேக்கிறாங்க." பதில், "இன்ஷா அல்லாஹ், பாப்பம் தம்பி. உன்ன நான் வேற ஆளாவா பாக்கிற?" அன்பான வார்த்தைதான். ஆனால் அந்த அன்பின் மேல் வங்கி கடன் தராது.

1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் வேலை நிபந்தனைகளை எழுத்தில் கொடுக்கச் சொல்கிறது. ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரிடமிருந்து நூற்றுக்கு 8, முதலாளியிடமிருந்து 12. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளியிடமிருந்து இன்னொரு 3. இவை கட்டப்படாத இடத்தில் வியாபாரத்தின் நிச்சயமின்மை முழுவதும் பொடியனின் தலையில் இறங்குகிறது. கடை நன்றாக ஓடினால் இலாபம் முதலாளிக்கு. ஓடாவிட்டால் "இந்த மாசம் கொஞ்சம் பொறுங்கோ." இது முழாரபாவும் இல்லை, இஜாராவும் இல்லை. கரருக்கு மிகவும் கிட்டியது.

அரசும் இதில் சுத்தமில்லை. வடக்கு கிழக்கில் தொண்டர் ஆசிரியர்கள் நிரந்தர நியமனத்துக்காக வருடக்கணக்கில் காத்திருந்த கதை ஊரறிந்தது. அங்கே 'இன்ஷா அல்லாஹ்' என்று யாரும் சொல்லவில்லை. 'பரிசீலனையில் உள்ளது' என்றார்கள். சொல் வேறு, வேலை ஒன்று.

சின்ன முதலாளிகளின் கஷ்டத்தை நான் மறுக்கவில்லை. கடையை இழந்தவர்களும் அவர்களுக்குள் இருக்கிறார்கள். 2022இல் கடன் வாங்கிச் சம்பளம் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கஷ்டத்தைப் பகிர்வதற்கும் ஒரு பேச்சு வேண்டும். எந்த மாதம் எவ்வளவு குறைப்போம், எப்போது திருப்பித் தருவோம் என்று சொல்லிவிட்டுக் குறைப்பது பங்கு. சொல்லாமல் இழுத்தடிப்பது தள்ளிவிடுவது. பொறுமை பற்றியும் தவக்குல் பற்றியும் ஜும்ஆ பயான்களில் கேட்கிறோம். அவை பெரும்பாலும் சம்பளம் வாங்குகிறவனைப் பார்த்துப் பேசப்படுகின்றன. சம்பளம் கொடுக்கிறவரைப் பார்த்து கரர் பற்றிப் பேசிய பயானைக் கேட்பது அரிது.

ஹொஃப்ஸ்டீடை வாசிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இடரும் நிச்சயமின்மையும் வேறு என்பதை அவரிடமிருந்து படிக்கலாம். ஆனால் 'நமது பண்பாடு இப்படித்தான்' என்று அவர் பெயரால் சொல்லப்படும்போது, கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். இந்த வேலைத்தலத்தில் என்ன நடக்கும் என்று தெரியாமல் இருப்பவர் யார்? தெரிந்தும் சொல்லாமல் இருப்பவர் யார்? பதில் கிடைத்தால் மனப்பாங்கைப் பற்றிப் பேசவேண்டிய தேவை பெரும்பாலும் இராது.

நமது கையால் செய்யக் கூடிய காரியம் சிறியது. சம்பளம் எவ்வளவு, எந்தத் திகதி, வேலை நேரம், லீவு, சேமலாப நிதி இலக்கம் ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதி, ஒப்பமிட்டு, வேலைக்கு வரும் பொடியனின் கையில் கொடுக்கலாம். அதன் அடியில் இன்ஷா அல்லாஹ் என்றும் எழுதலாம். அங்கே அந்த எச்சத்துக்கு முற்றுக் கிடைத்திருக்கும்.